இரண்டாகத் தெரிந்த அறுபது: ஒரு ஹெட்-அப் டிஸ்ப்ளேவைத் திருத்திய கதை

"மாமா, இது ரெண்டா தெரியுதே?"

அக்கா மகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முதலில் சொன்னது இதுதான். வண்டி நின்றுகொண்டிருந்தது. டேஷ்போர்டில் மல்லாக்க வைத்த போனில், கண்ணாடியில் நேராகத் தெரியும்படி தலைகீழாக்கிய "60" என்ற சோதனை வேகம் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியில் பச்சை நிறத்தில் ஒரு அறுபது, அதன் தலைக்கு மேல் கொஞ்சம் மங்கலாக இன்னொரு அறுபது. நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன், "பரவாயில்லை" என்று விட்டுவிட்டேன். அடுத்தவர் சொன்ன பிறகு எனக்கும் அந்த இரண்டாவது அறுபதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

விமானத்திலும் விலையுயர்ந்த கார்களிலும் வரும் ஹட் (ஹெட்-அப் டிஸ்ப்ளே, ஓட்டுபவர் பார்வையை இறக்காமலே படிக்கும்படி வேகம் போன்றவற்றை எதிரே கண்ணாடியில் காட்டுவது) கருவியில் எழுத்து ஏன் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது, நம்முடையது ஏன் இப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய், நான்கைந்து மாத வார இறுதிகள் அதிலேயே கழிந்தன. மென்பொருள் பகுதி சுலபம். வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி அடாப்டரிடம் வேகத்தைக் கேட்டால் ஒரே ஒரு பைட்டில் கிலோமீட்டர் கணக்கில் சொல்லிவிடும், அதைத் திரையில் வரைய வேண்டியதுதான். அதைப் பற்றி இனி பேசப்போவதில்லை. சிக்கல் முழுவதும் கண்ணாடியில்தான் இருந்தது.

முதலில் செய்த தப்பு

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வெளிச்சத்தைக் கூட்டினேன். போனின் பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றியதும் இரண்டு அறுபதும் சேர்ந்தே பளிச்சென்று ஆயின. எழுத்துருவைத் தடிப்பாக்கினேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சேறு மாதிரி ஒரு உருண்டை கிடைத்தது. அப்புறம்தான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. இரண்டு தகடு, நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். மொத்தம் 5 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். உள்பக்க முகம் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மிச்சம் உள்ளே போய், வெளிப்பக்க முகத்தில் பட்டு, அங்கிருந்தும் ஒரு பங்கு திரும்பி வருகிறது. இரண்டு முகம், இரண்டு அறுபது. வெளி முகம் சற்று மேலும் முன்னும் தள்ளி இருப்பதால் இரண்டாவது அறுபது மேலே தெரிகிறது.

படுகோணம் 60 பாகை, கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 என்று வைத்துக்கொண்டால், தளவிளைவு (போலரைசேஷன், ஒளி அலை அதிரும் திசை) சாதகமாக இருக்கும் ஒளியில் உள்முகம் 18% திருப்புகிறது. உள்ளே போன 82 பங்கில் வெளிமுகம் தன் 18%-ஐத் திருப்பி, அது மறுபடி உள்முகத்தைக் கடந்து வரும்போது 12% மிஞ்சுகிறது. அதாவது வேண்டாத பிம்பம் அசல் பிம்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிரகாசம்! ஏதோ மெல்லிய நிழல் என்று நினைத்திருந்தேன். நிழல் இல்லை, கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி.

இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? 5 மி.மீ. கண்ணாடியில் அந்தக் கோணத்தில் இரண்டு கதிர்களும் சுமார் 3.5 மி.மீ. விலகி வருகின்றன. கண்ணிலிருந்து கண்ணாடி வழியாகப் போன் வரை 85 சென்டிமீட்டர். கோணமாக மாற்றினால் 14 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் நிமிடம்). நல்ல பார்வையுள்ள கண் ஒரு ஆர்க் நிமிடத்தையே பிரித்துப் பார்த்துவிடும். பதினான்கு மடங்கு என்றால் பையன் ஏன் சொல்ல மாட்டான்?

ஆனால் இந்தக் கணக்கிலேயே வழியும் ஒளிந்திருந்தது. 3.5 மி.மீ. என்பது மாறாது, அதை எந்தத் தூரத்தால் வகுக்கிறோம் என்பதுதான் விஷயம். பிம்பம் 2.4 மீட்டரில் இருந்தால் 5 ஆர்க் நிமிடம். 10 மீட்டரில் இருந்தால் ஒன்றுக்குச் சற்று மேல். முடிவிலியில் இருந்தால் பூஜ்யம், ஏனென்றால் இணையாக வரும் கதிர்களைப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் கண் அவற்றை ஒரே புள்ளியில்தான் குவிக்கும். விமான ஹட் இதனால்தான் இந்தத் தொல்லை இல்லாமல் இருக்கிறது. 1900-இல் ஹோவர்ட் கிரப் காப்புரிமை எடுத்த துப்பாக்கிக் குறிக் கருவியிலேயே இந்த அடிப்படை இருக்கிறது: குறியை லென்ஸின் குவியத்தில் வை, கதிர்களை இணையாக்கு, சாய்ந்த கண்ணாடியில் எதிரொளிக்க விடு. விமானி தலையை அசைத்தாலும் குறி இலக்கின் மேலேயே நிற்கும். இரட்டைப் பிம்பம் போவது அதோடு வரும் உபரி லாபம்.

தூரத்தில் வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் 85 சென்டிமீட்டருக்குக் குவியத்தை இழுத்து வர வேண்டியதில்லை. வயது நாற்பதைத் தாண்டிய எனக்கு இதன் அருமை தெரியும். பையனுக்குப் புரியாது.

குழியாடி

திரையைத் தள்ளி வைக்க டேஷ்போர்டில் இடம் கிடையாது. திரை பக்கத்திலேயே இருக்க, பிம்பம் மட்டும் தள்ளிப்போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே குழியாடிதான். பொருளைக் குவியத்துக்கு உள்ளே வைத்தால் பெரிதான, நேரான மாய பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் விழும்.

சவரம் செய்யப் பயன்படும், முகத்தைப் பெரிதாகக் காட்டும் வட்டக் கண்ணாடியில் ஆரம்பித்தேன். எதிர்ச் சுவரில் ஜன்னலின் பிம்பத்தை விழவைத்துக் குவியத் தூரத்தை அளந்தேன். 30 சென்டிமீட்டரைத் தொட்டது. போனை ஓரம் கட்டிவிட்டு 3.5 அங்குலத் திரை ஒன்றை ஆடியிலிருந்து 25 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். கணக்குப்படி பிம்பம் ஆடிக்கு 1.5 மீட்டர் பின்னால், ஆறு மடங்கு பெரிதாக. ஆடியிலிருந்து கண் வரை 90 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 2.4 மீட்டர். இது சாதாரண கார் ஹட்களில் இருக்கும் தூரத்தை ஒட்டியதுதான்.

மேஜையில் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து நிறுத்திப் பார்த்தபோது முதல் மகிழ்ச்சி, உடனே முதல் எரிச்சல். எண்கள் தூரத்தில் மிதந்தன. ஆனால் ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் மெல்லிய பிசிறு, சலவைக்கல்லில் சாயம் கசிந்த மாதிரி. சாய்ந்த கண்ணாடிதான் காரணம் என்று அதை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிசிறு போகவில்லை. கடைசியில் சாய்ந்த கண்ணாடியை எடுத்துவிட்டுக் குழியாடியை நேரடியாகப் பார்த்தேன். பிசிறு அங்கேயே இருந்தது! முகம் பார்க்கும் கண்ணாடிகளில் ரசம் பின்பக்கம் இருக்கிறது. முன் முகம் தன் பங்குக்கு 4% அளவில் தனியாக ஒரு பிம்பம் காட்டுகிறது. இரட்டைப் பிம்பத்தை ஒழிக்கப் போய் நானே ஒரு புது இரட்டையை வாங்கி வைத்திருந்தேன்.

உங்கள் கண்ணாடி எந்த வகை என்று தெரிய, கூர்மையான பென்சில் முனையை அதன் மேல் வையுங்கள். முனையும் அதன் பிம்பமும் ஒட்டிக்கொண்டால் பூச்சு முன்பக்கம். இடையில் இடைவெளி இருந்தால் பின்பக்கம். முன்பக்கம் பூச்சுள்ள, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, அதே குவியத் தூரமுள்ள ஒரு குழியாடியைத் தேடிப் பிடித்தேன். பிசிறு மறைந்தது. அதைத் துணியால் துடைக்கக் கூடாது என்பதையும் ஒரு கீறலுக்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.

திரையின் பிக்சல் அகலம் 0.153 மி.மீ. ஆறு மடங்கானால் 0.92. அது 2.4 மீட்டரில் 1.3 ஆர்க் நிமிடம். கண்ணின் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆகவே "இன்னும் அதிக ரெசல்யூஷன் திரை வாங்கலாமா" என்ற ஆசையை அங்கேயே மூட்டை கட்டினேன். மேலும் 480 பிக்சல் அகலத்தில் 250 வரைதான் உண்மையில் பயன்பட்டது. காரணம், இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், தலை கொஞ்சம் அசையவும் வேண்டும். கண்கள் நடமாட 10 சென்டிமீட்டர் அகலம் ஒதுக்கினால், 15 சென்டிமீட்டர் ஆடியில் படத்துக்கு மிஞ்சும் பார்வைக்கோணம் ஐந்தரைப் பாகைதான். ஆடியைப் பெரிதாக்கினால் இது கூடும். டேஷ்போர்டுக்கு அடியில் கார் ஹட் பெட்டி ஏன் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு விஷயம். ஆடியை அதிகம் சாய்க்காதீர்கள். கோள வடிவக் குழியாடியில் ஒளி சாய்வாகப் பட்டால் நின்ற கோடுகளுக்கு ஒரு குவியம், படுத்த கோடுகளுக்கு வேறொரு குவியம் என்றாகிவிடும். முதலில் இடவசதிக்காக 20 பாகை சாய்த்திருந்தேன். "1" கூர்மையாக இருந்தது, "7"-இன் மேல்கோடு மட்டும் பூசினாற்போல் இருந்தது. சாய்வைப் பாதியாக்கியதும் தீர்ந்தது. கார் நிறுவனங்கள் இதற்காகவே கோளமல்லாத, விசித்திரமாக வளைந்த ஆடிகளை வார்க்கின்றன. அது நம் கையில் ஆகாத வேலை.

செல்லோடேப்

இந்தப் பகுதியைத்தான் நான் ஆசையாக எழுதுகிறேன்.

தூரத்தைக் கூட்டியதில் 14 ஆர்க் நிமிடம் 5 ஆனது. குறைவுதான், ஆனாலும் கண் பிடித்துவிடுகிறது. தொழிற்சாலை ஹட் வண்டிகளில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு: முன்கண்ணாடிக்குள் இருக்கும் பிவிபி படலத்தை ஆப்பு வடிவில், கீழே மெல்லியதாகவும் மேலே தடிப்பாகவும் செய்துவிடுவார்கள். இரண்டு முகங்களும் இணையாக இல்லாமல் இம்மியளவு விலகியிருப்பதால், வெளிமுகத்தின் பிம்பம் கீழிறங்கி அசல் பிம்பத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஆப்பின் கோணம் ஒரு மில்லிரேடியனுக்கும் (ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகும் கோணம்) குறைவு. ஹட் இல்லாத மாடலின் கண்ணாடியை ஹட் உள்ள வண்டியில் மாட்டினால் திடீரென்று எண்கள் இரண்டாகத் தெரிய ஆரம்பிப்பது இதனால்தான்.

என் வண்டியின் கண்ணாடியை நான் ஆப்பாக்க முடியாது. ஆனால் டேஷ்போர்டின் மேல் தனியாக நிற்கும் ஒரு சின்னத் தகட்டை ஆக்கலாமே? போட்டோ பிரேமில் வரும் 2 மி.மீ. கண்ணாடி இரண்டு, 20 சென்டிமீட்டர் உயரம். இடையில் பிவிபிக்குப் பதில் கிளிசரின். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடிக்கு 1.52. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நடு முகங்கள் இரண்டும் கிட்டத்தட்ட மறைந்தே போகும்.

எவ்வளவு ஆப்பு வேண்டும்? 4 மி.மீ. தகட்டில் கதிர் விலகல் 2.8 மி.மீ., அதை 2.4 மீட்டரால் வகுத்தால் 1.15 மில்லிரேடியன். 60 பாகை படுகோணத்தில், முகத்தை ஒரு பங்கு சாய்த்தால் பிம்பம் ஐந்து பங்கு நகரும். ஆக ஆப்பின் கோணம் 0.23 மில்லிரேடியன். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 0.046 மி.மீ. ஒரு தாளின் தடிப்பில் பாதி.

வீட்டில் 0.05 மி.மீ. தடிப்பில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். மேஜை மேலேயே இருந்தது. மேல் ஓரத்தில் ஒரே ஒரு அடுக்கு செல்லோடேப்!

கீழ்த் தகட்டைப் படுக்கவைத்து, மேல் ஓரம் நெடுக டேப்பை ஒட்டினேன். நடுவில் கிளிசரின் ஒரு கோடாக ஊற்றி, மேல் தகட்டை ஒரு பக்கத்திலிருந்து மெல்ல, அப்பளத்தை எண்ணெயில் விடுவது போலச் சரித்து இறக்கினேன். அவசரப்பட்டால் குமிழி சிக்கும். முதல் இரண்டு தடவை சிக்கியது. மூன்றாம் முறை கிளிசரினைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி ஊற்றியதும், திரவம் தானாகப் பரவித் தகடுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஓரத்தைச் சிலிகானால் மூடினேன்.

நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது அறுபது இன்னும் இருந்தது, ஆனால் முன்பைவிட அதிக தூரத்தில். ஒரு நிமிடம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் தகட்டைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். டேப் ஓரம் கீழே. திருப்பி வைத்ததும் இரண்டு அறுபதும் ஒன்றாகிவிட்டன. சும்மா மறைந்ததல்ல, ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்ததால் பிரகாசமும் கூடியது. 18 பங்கும் 12 பங்கும் சேர்ந்து 30. இத்தனை நாள் எதைத் தொல்லை என்று துரத்திக்கொண்டிருந்தேனோ, அது வேலைக்காரனாக வந்து நின்றது.

இதை வண்டிக்குள் வைத்தபோது மூன்றாவது அறுபது ஒன்று முளைத்தது. தகட்டைக் கடந்துபோகும் ஒளி முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. நான் அழகுக்காகத் தகட்டையும் முன்கண்ணாடியையும் ஒரே சாய்வில் நிறுத்தியிருந்தேன். பத்துப் பாகை மாற்றியதும் அந்தப் பிம்பம் பார்வையை விட்டு எங்கேயோ போய்விட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போட்டோ பிரேம் கண்ணாடி விபத்தில் கத்தியாகிவிடும். முன்கண்ணாடியில் மட்டும் குறைந்தது 70% ஒளி கடக்க வேண்டும் என்று பல நாடுகளின் விதிகள் சொல்கின்றன. அதன் பின்னால் இன்னொரு தகடு வைத்தால் வெளியே தெரிவது இன்னும் குறையும். இந்தத் தகட்டை நான் நின்ற வண்டியில் மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

கூலிங் கிளாஸ்

பையன் ஒரு நாள் மதிய வெயிலில் வந்து உட்கார்ந்தான். "மாமா, ஆப் பண்ணிட்டீங்களா?" என்றான். திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் போட்டிருந்தது போலரைஸ்டு கூலிங் கிளாஸ்.

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகத் தளவிளைவு பெற்றது. சாலையின் கூச்சமும் அப்படித்தான், அதைத் தடுக்கத்தான் அந்தக் கூலிங் கிளாஸ். நம் அறுபதையும் அது கூச்சமாகவே நினைத்து வெட்டிவிடுகிறது. சரி, திரையை 45 பாகை திருப்பினால் பாதியாவது தெரியாதா என்று திருப்பினேன். கூலிங் கிளாஸ் வழியாக அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. கழற்றிவிட்டுப் பார்த்தால் பிரகாசம் பாதியாகியிருந்தது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

கண்ணாடிக்கு ப்ரூஸ்டர் கோணம் 56.7 பாகை. அந்தக் கோணத்தில், இதற்குச் செங்குத்தான மற்ற வகைத் தளவிளைவுள்ள ஒளி கண்ணாடியில் திரும்புவதே இல்லை. நான் நிற்பது 60-இல், அங்கே அது 0.15% மட்டும் திரும்புகிறது. அதனால் திரையிலிருந்து என்ன கலவை போனாலும் திரும்பி வருவது ஒரே வகைதான். இதைத் திரையைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. அந்த மற்ற வகை ஒளியைத் திருப்பும் தனிப் பூச்சு கண்ணாடியில் வேண்டும். அப்படிப் பூசினால் இன்னொரு லாபமும் கிடைக்கும்: வெறும் கண்ணாடி முகங்கள் அந்த ஒளியைத் திருப்பாததால் இரட்டைப் பிம்பமே எழாது, ஆப்பும் வேண்டாம். புதிய ஹட்கள் சில இந்த வழியில் போகின்றன. எனக்கு அந்தப் பூச்சு கிடைக்கவில்லை. பையன் கூலிங் கிளாஸைக் கழற்றிக்கொண்டான்.

இந்தச் சோதனையில் கையோடு ஒரு பலன் கிடைத்தது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியே தளவிளைவு பெற்றதுதான். நான் வாங்கிய திரையின் திசை தவறாக இருந்திருந்தால் 18%-க்குப் பதில் 0.15% தான் கிடைத்திருக்கும். ஒரே திரை, ஒரே கண்ணாடி, நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே எந்தத் திரையை வாங்கினாலும், பெட்டி செய்வதற்கு முன் அதைக் கையில் பிடித்துச் சாய்ந்த கண்ணாடிக்கு முன்னால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எங்கே பளிச்சென்று ஆகிறதோ அதுதான் திசை.

பகலும் இரவும்

வெளிச்சத்துக்கு இப்போதுதான் வருகிறேன், அதுதான் சரியான வரிசையும். உச்சி வெயிலில் தார்ச்சாலையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 3000 கேண்டெலா அளவுக்கு வரும், முன்கண்ணாடியைக் கடந்து வந்தால் 2200. என் திரை 300 நிட்ஸ் வகை, அதாவது சதுர மீட்டருக்கு 300 கேண்டெலா. 30% திரும்பினால் 90. பின்னணியோடு சேர்த்த விகிதம் 1.04. படிக்க முடியாது. விமான ஹட் வடிவமைப்பில் 1.2 என்ற விகிதத்தைக் கீழெல்லையாகச் சொல்வார்கள், அதுவும் வெயில் பட்ட மேகத்தின் மேல்.

பெரிதாக்கினால் பிம்பம் மங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குழியாடி எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஒளிர்வு குறையாது, பூச்சு விழுங்கும் சில சதவீதத்தைத் தவிர. உண்மையான விரயம் திரையின் பின்னொளியில் இருக்கிறது. எல்சிடி தன் வழியாக இருபதில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். அந்தக் கொஞ்சத்தையும் சாதாரணத் திரை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமே. ஹட்டில் அது தேவையில்லை, கண் இருக்கும் சின்ன இடத்துக்கு மட்டும் போனால் போதும். எனவே பழைய பின்னொளியைப் பிரித்து எறிந்துவிட்டு, 10 வாட் எல்ஈடி, அதன் முன்னால் ஃப்ரெனல் லென்ஸ் (தட்டையான குவிலென்ஸ்), மெலிதான பரப்பித்தாள் என்று வைத்தேன். லக்ஸ் மீட்டரில் ஒப்பிட்டால் நேர் திசையில் ஏழு மடங்கு கூடியது. விகிதம் 1.29 அளவுக்கு ஏறியது. தார்ச்சாலை மேல் படிக்க முடிகிறது. வெள்ளைக் கான்கிரீட் மேல் முடிவதில்லை. தொழிற்சாலை ஹட்களின் பிம்ப ஒளிர்வு 10,000 கேண்டெலாவைத் தாண்டும், அதோடு நான் போட்டியிட வரவில்லை.

நிறத்திலும் கொஞ்சம் சம்பாதிக்கலாம். பகல் பார்வையில் கண்ணுக்கு மிகவும் உறைப்பது 555 நானோமீட்டர், அதாவது மஞ்சள் கலந்த பச்சை. பழைய விமான ஹட்களின் பச்சைக்கு அவற்றின் திரையில் பூசிய ஒளிர்பொருள் மட்டும் காரணமல்ல, கண்ணும் காரணம். நீலத்தில் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை.

இரவில் நேர்மாறான தொல்லை. எண்களைச் சுற்றி ஒரு சாம்பல் கட்டம், இருட்டில் மிதக்கும் தபால் அட்டை மாதிரி. எல்சிடியின் கறுப்பு உண்மையான கறுப்பல்ல, பின்னொளி கசிகிறது. பகலில் நான் ஏழு மடங்கு கூட்டியதன் கூலி இது. ஒளி உணரி வைத்துப் பின்னொளியைக் குறைத்தேன். ஆனால் எல்ஈடியின் கீழ் எல்லையில் அது மினுக்க ஆரம்பித்தது. எல்ஈடியை வேகமாக அணைத்து ஏற்றும் பல்ஸ் அதிர்வெண்ணை உயர்த்திய பிறகு மினுக்கல் போனது. கட்டம் இன்னும் மெல்லியதாக இருக்கிறது. எண்கள் இருக்கும் இடத்தை மட்டும் விட்டு மற்றதைக் கறுப்பு அட்டையால் மறைத்துக் கட்டத்தைச் சிறியதாக்கினேன். முறையான வைத்தியம் இல்லை, ஒட்டு வேலை.

பழுப்பு வட்டம்

ஒரு மதியம் பெட்டியை மூடாமல் வண்டியை வெயிலில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தால் திரையின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம், பொரித்த பூரியின் நடுப்பகுதி மாதிரி. ஒளி போகும் பாதை ஒருவழிப் பாதை அல்ல. திரையிலிருந்து ஆடி, ஆடியிலிருந்து கண்ணுக்கு வெளிச்சம் போகும் வழியிலேயே சூரியனும் உள்ளே வரும். 15 சென்டிமீட்டர் ஆடியில் விழும் வெயில், 25 சென்டிமீட்டரில் இருக்கும் திரையில் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத வட்டமாகக் கூடுகிறது. முன்கண்ணாடி விழுங்கியது போகச் சாதாரண வெயிலின் 20 மடங்கு. திரையின் போலரைசர் படலம் கருகிப்போனது. திரை சரியாகக் குவியத்தில் இருந்திருந்தால் வட்டம் 3 மி.மீ. ஆகியிருக்கும், பழுப்போடு நின்றிருக்காது, தீப்பிடித்திருக்கும்.

இது நான் மட்டும் செய்யும் மடத்தனம் அல்ல. பிம்பத்தை எவ்வளவு தூரத்தில் வைக்கிறோமோ, திரை அவ்வளவு குவியத்தை நெருங்குகிறது, வெயிலும் அவ்வளவு கூர்மையாகக் கூடுகிறது. பிம்பத்தைப் பத்து மீட்டர் தள்ளி வைக்கும் ஹட் செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி வைக்கிறார்கள், எல்சிடிக்குப் பதில் வெப்பம் தாங்கும் பரப்பித் திரையில் புரொஜெக்டர் ஒளியை விழவைக்கிறார்கள். நான் செய்தது, மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங்கால் தானாக மூடிக்கொள்ளும் ஒரு தகரக் கதவு. திரை புதிது வாங்க வேண்டியிருந்தது. அதன் தளவிளைவுத் திசை பழையதுக்குச் செங்குத்தாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமா என்ன. பெட்டியை மறுபடி அறுத்தேன்.

வளைவு

தகடு தட்டையாக இருப்பதால் உருவம் பெரிதாகக் கோணவில்லை. ஆடியால் மட்டும் ஓரங்கள் கொஞ்சம் வளைந்தன. கண் இருக்கும் இடத்தில் கேமராவை நிறுத்தி, புள்ளிக் கட்டத்தைப் படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து எதிர்த்திசையில் வளைத்து வரைந்தோம். இந்த நிரல் முழுக்கப் பையனுடையது. முதலில் அவன் முழுப் படத்தையும் வளைத்தான், எண்களின் ஓரம் மாவாகிவிட்டது. பிறகு எழுத்தின் கோடுகளைப் புள்ளிகளாக வைத்து, புள்ளிகளை மட்டும் நகர்த்திவிட்டுக் கடைசியில் ஒரே தடவை வரையச் செய்தான். கூர்மை அப்படியே நின்றது. கேமரா லென்ஸின் சொந்த வளைவை முதலில் கழிக்க மறந்ததால் ஒரு நாள் முழுக்க இல்லாத கோணலைத் திருத்திக்கொண்டிருந்தோம் என்பது தனிக் கதை.

இப்போது ஒரே ஒரு குறை பாக்கி. ஆப்பு ஒரு குறிப்பிட்ட கண் உயரத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். நான் என் உயரத்துக்குச் செய்தேன். பையன் என்னைவிட நாலு விரல் குள்ளம். அவன் உட்கார்ந்தால் அறுபதின் தலையில் ஒரு மயிரிழை அளவுக்கு இன்னொரு கோடு எட்டிப் பார்க்கிறது. டேப்பை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதற்குத் தகட்டைப் பிரிக்க வேண்டும், கிளிசரின் வழியும். இப்போதைக்கு அவன் சீட்டில் ஒரு தலையணை போட்டுக்கொள்கிறான்.